எதிர்வீட்டுக் குழந்தையின் எடை

"என்னடி, பிள்ளை இப்படி ஒல்லியா இருக்கான்? பால் பத்தலையோ?"

1984-ஆம் வருஷம் எதிர்வீட்டு மாமி கேட்ட கேள்வி இது. என் மூத்தவனுக்கு அப்போது ஏழு மாதம். மாமியின் பேரனோ டப்பா பாலில் வளர்ந்து கொழுகொழுவென்று இருப்பான். போதாததற்கு, எடை அட்டையில் என் பிள்ளையின் கோடு நாலாம் மாதத்திலிருந்தே கீழே இறங்கிக்கொண்டு வந்தது. பயந்துபோய்ப் புட்டியைக் கையில் எடுத்தேன். இரண்டே வாரத்தில் பேதி. குளுக்கோஸ் ஏற்றி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்குள் எனக்கும் பால் வற்றிப்போயிற்று.

அந்தக் கோட்டின் கதை வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்நாளில் உலகெங்கும் புழங்கிய வரைபடம் 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் கைக்குழந்தைகளின் கணக்கு ஓஹியோ மாநிலத்தில் எடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குழந்தையோ முதல் இரண்டு மூன்று மாதம் மளமளவென்று ஏறும், பிறகு நிதானமாக வளரும். அது இயற்கை. புட்டிப்பால் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரிவது போலத்தானே தெரியும்?

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. கைக்குழந்தைகள் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்கள். நம் நாட்டில் அளந்த இடம் டெல்லி. 2006-இல் புது வரைபடம் வந்தது. ஒரு வயது ஆண் குழந்தைக்குப் பழைய நடுக்கோடு சுமார் 10.2 கிலோ, புதியதில் 9.6. இன்று அங்கன்வாடியில் இருப்பது இந்தப் புதுக் கோடுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நடுக்கோடு என்பது பாஸ் மார்க் அல்ல! ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப்பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள்.

போன மாதம் என் மகள் கண் கலங்கி நின்றாள். "அம்மா, இவ ஒன்பது மாசத்துல 7.4 கிலோதான். பக்கத்து ஃப்ளாட் பாப்பா ஒன்பது கிலோவாம். பால் பவுடர் வாங்கட்டுமா?" அட்டையை வாங்கிப் பார்த்தேன். நடுக்கோடு 8.2. ஆனால் பேத்தியின் புள்ளிகள் எல்லாம் பச்சைப் பகுதியில், கோட்டோடு சேர்ந்தே சீராக ஏறியிருந்தன. "இது அவளோட பாதை. அவ ஒழுங்காத்தான் போயிண்டிருக்கா" என்றேன். பவுடர் வாங்கவில்லை.

இளம் தாய்மார்களே, இவற்றை மனத்தில் வையுங்கள்:

மாதாமாதம் ஒரே தராசில், கனத்த உடுப்பில்லாமல் எடை பாருங்கள்.

ஒரு புள்ளியை வைத்துப் பதறாதீர்கள். கோடு போகும் திசையைப் பாருங்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு குழைந்த பருப்பு சாதம், மசித்த காய், பழம் கொடுங்கள், தாய்ப்பாலும் தொடரட்டும்.

கோடு படுத்துவிட்டாலோ, இறங்கினாலோ, மஞ்சள் பகுதிக்குப் போனாலோ தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எதிர்வீட்டுக் குழந்தையைக் கொஞ்சுங்கள், தப்பில்லை. அதை மட்டும் தராசுப் படிக்கல்லாக வைக்காதீர்கள்!