பவளப் பூச்சிக்கு வீடு கட்டத் தெரியும்!

குழந்தைகளே! வீட்டில் தினமும் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். தேங்காய் நாரால் எவ்வளவு தேய்த்தாலும் சுலபத்தில் போகாது. எங்கள் ஓமந்தூர்ப் பக்கம் இதை 'உப்புப் படிஞ்சிருக்கு' என்பார்கள். ஆனால் அது சாப்பாட்டு உப்பு அல்ல. அதன் பெயர் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல், முட்டை ஓடு எல்லாமே பெரும்பாலும் இதே பொருள்தான்.

கடலுக்கு அடியில் இருக்கும் அழகான பவளப் பாறையும் இதே பொருள்தான் என்றால் நம்புவீர்களா?

பவளம் என்பது கல் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு சின்னஞ்சிறு விலங்கு. 'பாலிப்' என்பார்கள். கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களை எடுத்து, தன்னைச் சுற்றிக் கல் வீடு கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பாலிப்கள் பக்கத்தில் பக்கத்தில் கட்டும் வீடுகள் சேர்ந்துதான் பவளப் பாறை ஆகிறது. உருண்டையாக வளரும் பவளம் ஓர் ஆண்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியானால் உங்கள் உயரத்துக்கு ஒரு பவளம் வளர எத்தனை ஆண்டுகள் ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அரிசியும் உளுந்தும்

இந்த வீட்டைக் கட்ட இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கால்சியம். மற்றொன்று கார்பனேட், பைகார்பனேட் என்ற பொருள்கள். தண்ணீரில் இந்த இரண்டாவது வகை எவ்வளவு இருக்கிறது என்பதைக் 'காரத்தன்மை' என்ற அளவால் அறியலாம். தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதையும் அதுவே காட்டும்.

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உளுந்து இல்லாவிட்டால் இட்லி வராது. பவளத்துக்கு கால்சியம்தான் அரிசி, காரத்தன்மைதான் உளுந்து!

கடலில் ஒரு லிட்டர் தண்ணீரில் 400 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கால்சியம் இருக்கிறது. காரத்தன்மை, 'டிகிரி' என்ற அளவில், ஆறரை முதல் ஏழு வரை இருக்கும். கடல் மிகப் பெரியது. ஆறுகள் பாறைகளிலிருந்து இந்தப் பொருள்களைக் கரைத்துக் கொண்டுவந்து சேர்த்தபடி இருக்கின்றன. அதனால் பவளம் எவ்வளவு எடுத்தாலும் கடலில் குறைவது தெரியாது.

கண்ணாடித் தொட்டியில் என்ன ஆகும்?

வெளிநாடுகளில் சிலர் பெரிய கண்ணாடித் தொட்டிகளில் பவளம் வளர்க்கிறார்கள். தொட்டிக்கு ஆறு ஏது? பவளம் வளர வளர, தண்ணீரில் உள்ள இரண்டு பொருள்களும் தீர்ந்துகொண்டே வரும்.

ஒரு தொட்டியில் கால்சியம் 420 மில்லிகிராம், காரத்தன்மை 8.4 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் பவளம் 20 மில்லிகிராம் கால்சியம் எடுத்தால், கூடவே 2.8 டிகிரி காரத்தன்மையும் குறையும். இப்போது கால்சியம் 400. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காரத்தன்மை 5.6 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது! அரிசி மூட்டை அப்படியே இருக்க, உளுந்து டப்பா காலியாவது போலத்தான். அதனால் பவளம் வளர்ப்பவர்கள் காரத்தன்மையைத்தான் அடிக்கடி சோதிப்பார்கள்.

சோதிப்பது கடினம் அல்ல. சிறு குப்பியில் தொட்டித் தண்ணீரை அளந்து எடுத்து, அதில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீல நிறம் மஞ்சளாக மாறும்வரை சொட்டுகளை எண்ணுவார்கள். சில வகை மருந்துகளில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி என்று கணக்கு.

குறைந்ததை எப்படி நிரப்புவது? ஒரு வழி, நமக்குத் தெரிந்த சுண்ணாம்புத் தண்ணீர்! ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் ஒன்றரை கிராம் சுண்ணாம்புதான் கரையும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்து, தொட்டியில் ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கால்சியம், காரத்தன்மை இரண்டும் சரியான விகிதத்தில் சேரும்.

இன்னொரு வழி, கால்சியம் குளோரைடை ஒரு கரைசலாகவும், நம் சமையலறை ஆப்ப சோடாவை மற்றொரு கரைசலாகவும் தனித்தனியே சேர்ப்பது. இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினால் தண்ணீர் பால் போல வெளுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் படிந்த அதே வெள்ளைப் பொருள் அடியில் படிந்துவிடும். பவளத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அவசரமும் கூடாது. ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் காரத்தன்மையை உயர்த்தினால் பவளம் வாடிவிடலாம்.

ஒரு தொட்டிக்கே இவ்வளவு பாடு!

நம் நாட்டில் இப்படிப் பவளம் வளர்க்க ஆசைப்படக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001இல் கல் பவளங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

அப்படிச் சட்டம் போட வேண்டிய அவசியம் இருந்தது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகளும் உண்டு. 1986இல் இது கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் தூத்துக்குடிப் பக்கம் பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும், தீவின் மணலும் கரைந்தது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போயின! நூறு ஆண்டுகளில் கட்டிய வீட்டை ஒரே நாளில் கடப்பாரையால் பெயர்த்தால் என்ன ஆகும்?

நல்ல செய்தியும் உண்டு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி, கடலடியில் வைத்து வளர்க்கிறார்கள்.

ஆனால் வெட்டாமல் இருந்தால் மட்டும் போதாது. வண்டிகளும் ஆலைகளும் விடும் கரியமில வாயுவில் ஒரு பங்கு கடலில் கரைகிறது. அப்போது தண்ணீரில் அமிலத்தன்மை கூடும். பவளத்துக்குத் தேவையான கார்பனேட் குறையும். டப்பாவில் உளுந்து இருந்தும், அரைக்க முடியாத நிலை! பவளம் வீடு கட்ட இன்னும் கஷ்டப்பட வேண்டும்.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போடுங்கள். குமிழி குமிழியாக வரும். ஒரு நாள் கழித்துப் பாருங்கள், ஓடு கரைந்திருக்கும். கடல் வினிகர் அளவுக்குப் புளிப்பாகவில்லை. ஆனாலும் அமிலம் சுண்ணாம்பை என்ன செய்யும் என்பது இதில் புரிந்துவிடும். (சுண்ணாம்புத் தண்ணீரை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதை ஆசிரியர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.)

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் கடல் வந்துவிடும். அங்கே பவளப் பாறை இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவிலும் மரக்காணத்திலும் இருப்பது ஒரே கடல்தானே? அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் ஒரு கை தண்ணீரை அள்ளிப் பாருங்கள். ஒரு தொட்டிக்காக மனிதர் அளந்து அளந்து ஊற்றும் இரண்டு பொருள்களும் அதில் இருக்கின்றன. யாரும் ஊற்றாமலே, யாரும் அளக்காமலே கடல் அவற்றை வைத்திருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை. செய்வீர்கள்தானே?