உங்களுக்குத் தெரியுமா? ஆன்டிவைரஸ் வேடத்தில் வரும் திருடன்

உடுமலைப்பேட்டையில் ஜாப் ஒர்க் பில், ஜி.எஸ்.டி. கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் ஒரே வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது சகஜம். அதில் திடீரென்று சிவப்புத் திரை வந்து, 'வைரஸ்! உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று அலறினால்? பதறாதீர்கள். பதற்றம்தான் இந்தத் திருடர்களின் முதலீடு.

★ பிரவுசரில் திறக்கும் ஒரு வெப்சைட்டால் உங்கள் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஸ்கேன் செய்ய முடியாது. அங்கே விறுவிறுவென்று ஏறி 100% தொடும் பட்டை வெறும் அனிமேஷன்.

★ 'வின்ஃபிக்ஸர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' போன்ற போலிகளை விற்ற கும்பல் மீது 2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் 10 லட்சம் பேருக்கும் மேல். 2012-ல் வந்த தீர்ப்பு 16.3 கோடி டாலருக்கு!

★ கடைக்குப் போனாலும் கவனம் தேவை. அமெரிக்காவின் 'ஆபீஸ் டிப்போ' கடைகளில் நடந்த 'இலவசப் பரிசோதனை', 'கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா?' போன்ற நாலு கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று டிக் அடித்தாலே வைரஸ் அறிகுறி இருப்பதாகச் சொன்னது என்பது குற்றச்சாட்டு. 2019-ல் அந்த நிறுவனமும் சாஃப்ட்வேர் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன.

★ நம் நாட்டிலும் 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை போட்டது. போலி எச்சரிக்கை காட்டிப் போன் செய்யவைத்துப் பணம் பறித்த கால் சென்டர்களும் அதில் சிக்கின.

★ அசல் ஆன்டிவைரஸுக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. 'கே7 கம்ப்யூட்டிங்' 1991-லேயே சென்னையில் தொடங்கிய நிறுவனம். விண்டோஸ் 10, 11-ல் 'டிஃபெண்டர்' காசில்லாமலே கூட வருகிறது.

★ திரை மூடவில்லையா? எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். நகராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசருக்கு 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டால் வேண்டாம். பிரவுசர் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்' அனுமதி பெற்ற தெரியாத தளங்களையும் நீக்கிவிடுங்கள்.

★ போலி சாஃப்ட்வேர் இறங்கியே விட்டதா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். இன்ஸ்டால் ஆன பட்டியலில் அதைத் தேடி நீக்குங்கள். பிறகு டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓடவிடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே அது தேடுவதால், ஒளிந்திருக்கும் வைரஸும் தப்புவது கடினம்.

★ மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' 2017 முதல் வைரஸ் நீக்கும் சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறது.

★ பணம் கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். பேங்கைக் கூப்பிட்டு கார்டை பிளாக் செய்துவிட்டு, உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ மாற்றுங்கள்.

★ மைக்ரோசாஃப்டின் அசல் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே சொல்லி வையுங்கள்.