உட்கார முடியாத நோயாளி

மனநல வார்டில் ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார். அடுத்த நிமிடமே எழுந்து நடக்கிறார். நின்றாலும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். "உள்ளுக்குள்ளே என்னமோ பண்ணுது மிஸ்ஸி, ஒரு இடத்துல இருக்க முடியல" என்கிறார்.

நோய் முற்றிவிட்டதோ? அப்படி நினைத்து மருந்தைக் கூட்டினால் அவர் இன்னும் தவித்துப் போகலாம். ஏனென்றால், அவரை அலைக்கழிப்பது அந்த மருந்தாகவே இருக்கக்கூடும்!

இந்தப் பக்கவிளைவின் பெயர் அகதீசியா. கிரேக்க மொழியில் 'உட்கார இயலாமை' என்று பொருள். செக் மருத்துவர் ஹஸ்கோவெட்ஸ் 1901-இல் இப்பெயரைச் சூட்டியபோது இம்மருந்துகளே கிடையாது. முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952-இல்தான் பாரிசில் மனநோயாளிகளுக்குத் தரப்பட்டது.

மூளை நரம்பணுக்களில் டோபமின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. ஏற்பி பூட்டு என்றால் டோபமின் சாவி. மருந்து அந்தச் சாவித் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. இல்லாத குரல் காதில் கேட்பது போன்ற அறிகுறிகள் அடங்குகின்றன. ஆனால், உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் அதே பூட்டுதான் இருக்கிறது. மருந்துக்கு இடம் பார்த்து வேலை செய்யத் தெரியாது. பெட் ஸ்கேன் ஆய்வுகளின்படி, ஏறக்குறைய 65 விழுக்காடு ஏற்பிகள் அடைபட்டால் நோய் தணியும் வாய்ப்பு கூடுகிறது. 80 விழுக்காட்டை நெருங்கினால் கை நடுக்கம், தசை இறுக்கம், இந்த நிலைகொள்ளாமை எல்லாம் தலைகாட்டுகின்றன. எவ்வளவு குறுகலான இடைவெளி, பாருங்கள்!

இங்கேதான் தாதியின் கண் தேவைப்படுகிறது. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள். தாதியோ ஒரு ஷிப்ட் முழுவதும் உடன் இருக்கிறார். அகதீசியாவை அளக்க 1989-இல் வெளியான பார்ன்ஸ் அளவுகோலுக்குக் கருவி எதுவும் வேண்டாம். நோயாளியை உட்காரவைத்து இரண்டு நிமிடம், நிற்கவைத்து இரண்டு நிமிடம் கவனிக்க வேண்டும். பிறகு, உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பதுதான் முக்கியம் என்பேன். சிலர் வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே துடித்துக்கொண்டிருப்பார்கள்.

தவிப்பு எப்போது தொடங்கியது, அதற்குச் சில நாள் முன்பு மருந்தின் அளவு கூடியதா என்ற குறிப்பும் மருத்துவருக்குப் பெரிய துப்பு. கண்டுகொள்ளாமல் விட்டால் நோயாளி மாத்திரையை யாருக்கும் தெரியாமல் துப்பிவிடுவார். அடங்கியிருந்த குரல்கள் திரும்பி வரும். தக்க நேரத்தில் தெரிந்தால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால் மாத்திரைகூடச் சிலருக்கு உதவுகிறது.