விடிந்தாலும் முடியாத டியூட்டி

திருச்சி புத்தூரில் நள்ளிரவிலும் 108 வண்டிகளின் வரத்து ஓயாது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஒன்று வரும், மணப்பாறையிலிருந்து இன்னொன்று. அங்குள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைதான் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடசாலையும். இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் இரவு நேர நோயாளியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜனும் முதுநிலை மாணவரும்தான். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிப்பது ஆண்டுக்கு ஓர் இரவு. இவர்களுக்கோ வாரத்துக்கு ஒன்றிரண்டு. விடிந்ததும் ரவுண்ட்ஸ் வேறு.

இந்த ஓயாத அழுத்தம் ஆளை எரித்துத் தீர்க்கும்போது மூன்று அடையாளங்கள் தெரியும்: உடலும் மனமும் வற்றிப்போதல், நோயாளிமேல் வரும் மரத்துப்போன எரிச்சல், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லவில்லை. பணியிட அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததன் விளைவு என்றது. அப்படியானால் டாக்டருக்கு யோகா வகுப்பு நடத்திவிட்டுப் பணியிடத்தை அப்படியே விட்டுவைப்பது என்ன வைத்தியம்?

வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் 1992லேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் வார விடுமுறை உண்டு. வேலை நேரத்துக்கோ ‘நியாயமான அளவு’ என்பதுதான், எண் கிடையாது. 2024இல் ஆணையத்தின் பணிக்குழு 74 மணி நேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டு கழித்து, பழைய வரம்பைவிட 26 மணி நேரம் அதிகம்! அந்தக் குழுவின் ஆய்வில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். (அப்படி எண்ணம் வருகிறவர்கள் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம்.)

மணிக்கணக்கு மட்டுமே கதையல்ல. ரத்த மாதிரியை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஸ்கேன் தேதிக்கு நிற்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்று போகும் நேரத்தில் மருத்துவம் எவ்வளவு கற்க முடியும்? தெரியாததைக் கேட்டால் நோயாளி முன்னாலேயே திட்டு விழும் யூனிட்டில் மாணவர் அடுத்த முறை கேட்கமாட்டார், ஊகித்துச் செய்வார். அதே நெருக்கடியிலும், நள்ளிரவில் போனை எடுத்துப் பதில் சொல்லும் ஓர் உதவிப் பேராசிரியர் இருந்தால் அந்த இரவு பாடமாகிவிடும்.

நியூயார்க் மாநிலம் 1989இல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு கொண்டுவந்தது. லிபி சையன் என்ற இளம்பெண் 1984இல் மருத்துவமனையில் இறந்தபின் அவர்களின் வேலை நேரம் பற்றி எழுந்த விவாதம்தான் காரணம். இங்கே வரம்பு நடைமுறைக்கு வந்தாலும், மாதிரி தூக்க ஓர் உதவியாளரும் இரவுக்குக் கூடுதல் மருத்துவரும் நியமிக்கப்படாவிட்டால், ஒருவருக்குக் குறையும் டியூட்டி இன்னொருவர் தலையில்தான் விழும்.