கடலில்லா மாவட்டத்தில் தோணி

மாத்தளை மாவட்டத்துக்குக் கடலும் இல்லை, கழிமுகமும் இல்லை. ஆனாலும் விடியற்காலையில் தோணி இறங்குகிறது, குளத்தில்!

தம்புள்ளைக்கு அருகே கண்டலம குளம். மாலையில் விரித்த வலையை மீனவர்கள் விடிய முன் போய்த் தூக்குவார்கள். ஈர வலையைக் கைக்குக் கை இழுக்கும்போது முதலில் தெரிவது பெரும்பாலும் திலாப்பியாதான். செவுள் கண்ணியில் மாட்டி, முள்துடுப்பை விரித்துக்கொண்டு துள்ளும். கழற்றும்போது விரலைக் குத்தாமல் விடாது. கூடவே ரோகு, கட்லா, எப்போதாவது ஒரு விரால்.

திலாப்பியா நம்மூர் மீனல்ல. ஆபிரிக்காவிலிருந்து வந்த இனம். இலங்கைக் குளங்களில் 1952இல் விடப்பட்டது. கரையோரத்தில் ஆண்மீன் குழி பறிக்கும்; முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயில் வைத்தே காக்கும். ஆகவே குளத்திலேயே தானாகப் பெருகிவிடும். ரோகுவும் கட்லாவும் அப்படியல்ல. ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இனங்கள், தேங்கிய நீரில் இனம்பெருக்காது. ஊசி போட்டு முட்டையிட வைத்து, பொரித்த குஞ்சுகளைக் குளத்தில் விட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் அரச நிலையங்களில் ஒன்று தம்புள்ளையிலேயே இருக்கிறது.

சின்னக் கண் வலைக்குச் சட்டத்தில் தடை. குஞ்சையே அள்ளிவிட்டால் அடுத்த வருடம் எதைப் பிடிப்பது?

திலாப்பியாவில் சேற்று வாடை அடிக்கிறதா? உப்பும் கொறுக்காப்புளியும் போட்டுக் கழுவிவிட்டுக் குழம்பு வையுங்கள்.