அழுங்கு: பல்லில்லாத பிராணி

கல்குடாப் பக்கக் கிராமமொன்றில் வீட்டுத் திட்டத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். இளைஞர் ஒருவர் உரப்பையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே செதில் போர்த்த ஓர் உருண்டை. "அழுங்கு பாதர். செதிலுக்கு நல்ல விலை குடுக்காங்களாம்" என்றார். பற்றைக்காட்டு வளையைத் தோண்டிப் பிடித்தாராம்.

புத்தகப் படங்களில் நாம் காணும் தென் அமெரிக்காவின் பெரிய எறும்புதின்னிக்கு இது உறவல்ல. அதற்கு மயிர், இதற்குச் செதில். பரம்பரையில் அழுங்கு பூனை, நாய் இனத்துக்கே கிட்டியது. ஒரே இரையைத் தேடியதால் இரண்டும் ஒரே சாயலாயின: பல்லற்ற குழாய் வாய், பசையுள்ள நீண்ட நாக்கு, புற்றுடைக்கும் நகம். பெரிய எறும்புதின்னி ஒரு புற்றில் ஏறத்தாழ ஒரு நிமிடமே நின்று, காவல் எறும்புகள் திரளுமுன் அடுத்ததற்குப் போய்விடும். இப்படி நாளொன்றுக்கு 30,000 பூச்சிகள் வரை தின்னும் என்பர்.

அழுங்கு பகலில் வளையில் உறங்கி இரவில் மோப்பத்தால் இரை தேடும். முன்னங்கால் நகத்தால் புற்றைக் கிழித்து, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு நாக்கை உள்ளே விடும். எறும்பு, கறையான், அவற்றின் முட்டை எல்லாம் முழுசாகவே வயிற்றுக்குப் போகும். பல் இல்லையே, எப்படி அரைக்கும்? விழுங்கிய சிறுகற்கள் வயிற்றினுள் அரைக்கின்றன, எங்கள் கோழியின் இரைப்பையைப் போல. கிடுகுக் கூரையையும் தென்னம்பிள்ளையையும் கறையானுக்குப் பறிகொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆபத்தென்றால் உருண்டுகொள்ளும். சிறுத்தைக்கு அது பூட்டிய பெட்டி. மனிதனுக்கோ பையில் போட வசதியான பொதி! ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி என்பதால் இழப்பு இலேசில் ஈடாகாது. செதிலோ எமது நகம் போன்ற பொருள்தான், அதில் மருந்தில்லை. 2016இல் ஜொகானஸ்பேர்க்கில் எடுத்த முடிவின்படி, 2017 முதல் இதன் சர்வதேச வர்த்தகம் தடை. இலங்கையிலும் இது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பிராணி.

இவற்றையெல்லாம் சொன்னோம். "சரி பாதர், அந்தக் காச ஆர் தருவா?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. நெடுநேரம் பேசியபின், பொழுதுபட அவரே பற்றையோரம் கொண்டுபோய் விட்டார். உருண்டை அசையவில்லை. நாம் விலகிப் போனோம். மறுநாள் காலை, பக்கத்துப் புற்றொன்று அடியோடு கிண்டிக் கிடக்கிறது என்று அவரே வந்து சொன்னார்.