முதலில் பறவை, பிறகுதான் படகு

கலாபகோஸ் போக வேண்டும் என்று யோசனை கேட்பவர்களிடம் நான் பட்ஜெட்டைப் பற்றி முதலில் பேசுவதில்லை. எந்தப் பிராணியைப் பார்க்க ஆசை என்றுதான் கேட்பேன். பயணத்தின் மற்ற எல்லாவற்றையும் அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

எனக்கு ஆல்பட்ராஸ். இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் இந்தக் கடற்பறவையின் ஒரு வகை, ஏறக்குறைய மொத்தமாக எஸ்பனோலா என்ற ஒரே தீவில் முட்டையிடுகிறது. கூடு கட்டுவதில்லை, வெறுந்தரைதான். ஜோடி சேரும்போது அலகோடு அலகை மோதி வாள்சண்டை போடுவதைப் பார்க்க வேண்டுமே! "பிப்ரவரில போங்க சார், அலையே இருக்காது" என்றார் பயண ஏஜென்ட். "சரி தம்பி, ஆனா என் பறவை அப்போ அங்கே இருக்காதே" என்றேன். ஜனவரி முதல் மார்ச் வரை அவை பெரும்பாலும் நடுக்கடலில் இருக்கும். ஏப்ரலில் போனேன்.

ஜனவரி முதல் மே வரை வெயிலும் அவ்வப்போது மழையும் உண்டு, கடல் சாது. ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவரும். அப்போது மீன் பெருகும். பறவைகளுக்குக் கொண்டாட்டம், படகில் வயிறு புரட்டுகிறவர்களுக்குத் திண்டாட்டம்.

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் இந்தத் தீவுகள், கடலடி எரிமலைகள் உமிழ்ந்த குழம்பால் எழுந்தவை. கிழக்கே உள்ளவை வயதானவை, மேற்கே உள்ளவை இளசு. மேற்குக் கோடியில் இருக்கும் பெர்னாண்டினா 2024 மார்ச்சில்கூட நெருப்பைக் கக்கியது. பறக்க மறந்த நீர்க்காகம் உலகிலேயே அங்கும் பக்கத்து இசபெலாவிலும்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் பென்குயின் பிழைப்பதும் அந்தப் பக்கத்துக் குளிர்ந்த நீரால்தான். இவற்றைப் பார்க்க வேண்டுமானால் பல நாள் கப்பல் பயணமே சரி. ஆமையும் கடல் இகுவானாவும் போதும் என்பவர்கள் சான்டா குரூஸ் தீவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் படகில் போய் வரலாம். செலவு பாதியாகும். எஸ்பனோலாவுக்கும் சான் கிறிஸ்டோபல் தீவிலிருந்து ஒரே நாளில் போய் வரும் படகு உண்டு.

நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா, 1959-இல் அறிவிக்கப்பட்டது. ஊர்களையும் அவற்றை ஒட்டிய சில இடங்களையும் தவிர, உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. பிராணிகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிளாஷ் கூடாது, டிரோன் கூடாது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தொலைநோக்கியும் கையுமாகத் தவமிருந்து பழகிய எனக்கு அங்கே வேறொரு சிக்கல்: நீலக்கால் பூபி பாதை நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். விலகுவது நம் வேலை.

ஈக்வடாரின் குவாயகில் அல்லது கீட்டோ நகரில் தீவுகளுக்கு விமானம் ஏறும் முன் பெட்டியைச் சோதிப்பார்கள். பழம், விதை, கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். மனிதர்கள் கொண்டுவிட்ட ஆடுகள் பெருகி, இசபெலா ஆமைகளின் தீவனத்தை மேய்ந்து தீர்த்தன. அவற்றை ஒழிக்க 2006 வரை போராட வேண்டியிருந்தது. சோதனையில் நிற்கும்போது முணுமுணுக்காதீர்கள்.

2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்காக் கட்டணம் 200 டாலர். தீவுக்குள் நுழையும் அட்டைக்கு 20 டாலர் தனி. ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர்தான் என்பதால் ரொக்கமாக எடுத்துப் போவது நல்லது. கட்டணத்தை இரட்டிப்பாக்கியது நியாயம் என்பதே என் கட்சி.

கடைசியாக ஒன்று. ஈக்வடாரிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். டிக்கெட் எடுத்த கையோடு அதையும் முடித்துவிடுங்கள்.